'மனம் வைத்தால் முடியும்' என்று சொல்லும் முன்

இரவு 9 மணி. கணிதப் பயிற்சித்தாளை நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும். மேசைமுன் உட்காருகிறீர்கள். முதல் கணக்கைப் பாதி போட்டபோது பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது. வேறு பேனா எடுக்க இழுப்பறையைத் திறக்கிறீர்கள். உள்ளே பழைய ரூபிக் கனசதுரம் கிடக்கிறது. அடுத்து மணியைப் பார்க்கும்போது 10.15 ஆகியிருக்கிறது. "இன்னும் முடிக்கலையா?" என்று அம்மா அறைக் கதவருகே நிற்கிறார். அவசர அவசரமாக உட்கார்ந்து 11.30க்கு எல்லாக் கணக்குகளையும் முடிக்கிறீர்கள். விடைகளும் சரிதான். ஆனால் மறுநாள் வகுப்பில் பையைத் திறந்தால் தாளைக் காணோம். அது வீட்டு மேசைமீதே இருக்கிறது.

"செய்துவிட்டேன் ஆசிரியர், கொண்டுவர மறந்துவிட்டேன்" என்கிறீர்கள். இந்த மாதத்தில் இது நான்காவது முறை. யாரும் நம்பவில்லை. "உனக்கு அறிவு இருக்கிறது, அக்கறைதான் இல்லை. மனம் வைத்தால் முடியும்" என்று பதில் வருகிறது.

இப்படி ஒரு நாள் யாருக்கும் வரலாம். ஆனால் ஆண்டின் பெரும்பாலான நாள்கள் இப்படியே போனால்? வகுப்பறையில் மட்டுமன்றி வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் நண்பர்களோடு பேசும்போதும் இதே சிக்கல் தொடர்ந்தால்? ஏடிஎச்டி உள்ள பலருடைய வாழ்க்கை இப்படித்தான் நகர்கிறது.

தமிழில் இதைக் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்கிறோம். உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 40 பேர் படிக்கும் வகுப்பில் சராசரியாக இருவர். அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்.

விளையாட்டுக்கு மட்டும் கவனம் வருகிறதே!

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி இது. வீட்டுப்பாடத்தில் 10 நிமிடம் உட்கார முடியாதவன் கணினி விளையாட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அப்படியானால் நடிக்கிறானா?

இல்லை. 'கவனக்குறைவு' என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. இவர்களிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், அங்கேயே நிறுத்தி வைப்பதும், தேவைப்படும்போது வேறு பக்கம் மாற்றுவதும்தான் கடினம்.

கணினி விளையாட்டில் சில விநாடிகளுக்கு ஒருமுறை பலன் கிடைக்கிறது. புள்ளி கூடுகிறது, ஒலி கேட்கிறது, அடுத்த நிலை திறக்கிறது. கணிதப் பயிற்சியின் பலனோ ஆண்டிறுதித் தேர்வில்தான் தெரியும். தொலைவில் உள்ள பலனுக்காக இப்போதே வேலையைத் தொடங்குவதற்கு மூளையில் ஓர் உந்துதல் வேண்டும். அந்த உந்துதலில் டோப்பமின் என்ற வேதிப்பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஏடிஎச்டியில் டோப்பமின், நோர்அட்ரினலின் ஆகியவற்றின் வழியாகச் செல்லும் செய்திகள் சற்று வேறுவிதமாகச் செயல்படுகின்றன. அதனால் உடனடிப் பலன் தரும் வேலை ஈர்க்கிறது. தள்ளிப்போகும் பலன் கொண்ட வேலை மலைபோல் தெரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்த நேரத்தில் செய்வதுதான் சிக்கல். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் 'சோம்பேறி' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது விளங்கிவிடும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி ஒரு மேற்பார்வையாளரைப் போன்றது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது, வாய்வரை வந்த சொல்லை விழுங்குவதா சொல்வதா என்ற முடிவுகளில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. "பேனாவை எடு, திரும்பி வா, இரண்டாவது வரியைத் தொடர்" என்று ஆணைகளைச் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும் செயல்நினைவும் அதைச் சார்ந்ததே. பேனா எடுக்கப் போனவர் கனசதுரத்தோடு உட்கார்ந்துவிட்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஆணை பாதி வழியிலேயே நழுவிவிட்டது.

மனம் அலைபாயும்போது மூளையில் ஒரு குறிப்பிட்ட வலையமைப்பு சுறுசுறுப்பாக இயங்கும். வேலையில் இறங்கியதும் அது அடங்கவேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அது முழுமையாக அடங்குவதில்லை என்பதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. வகுப்பில் பாடம் நடக்கும்போதே பின்னணியில் இன்னொரு வானொலி ஒலித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை அது.

2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஏடிஎச்டி உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை, ஏடிஎச்டி இல்லாத 223 பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். வளரும் பருவத்தில் மூளையின் மேலுறை தடித்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியத் தொடங்கும். மேலுறையின் பாதிப் பகுதி உச்சத்தைத் தொட்ட வயது ஏடிஎச்டி இல்லாதவர்களிடம் சுமார் 7.5. ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அது சுமார் 10.5. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான், காலம் மட்டும் ஏறக்குறைய மூன்று ஆண்டு பிந்தியிருந்தது. முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்போம். ஐந்தில் வளையாத மூளை எட்டிலோ பத்திலோ வளையலாம் என்கிறது இந்த ஆய்வு. ஆனால் இது பலரின் சராசரிக் கணக்கு. ஒருவருடைய மூளையைப் படம் எடுத்து அவருக்கு ஏடிஎச்டி உள்ளதா என்று சொல்லிவிட முடியாது. வயதானால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. பலருக்கு இது பெரியவர்களான பிறகும் தொடர்கிறது.

யார் தவறு?

"வீட்டில் கண்டிப்பு போதவில்லை." "அதிகம் செல்லம் கொடுத்துவிட்டார்கள்." உறவினர் கூடும் வீட்டில் ஒரு பிள்ளை துறுதுறுவென்று ஓடினால் இப்படி யாராவது சொல்வார்கள். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியும் கூடவே வரும்.

இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. மக்களிடையே ஏடிஎச்டியில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 74 விழுக்காட்டை மரபணு வேறுபாடுகள் விளக்குகின்றன. ஒருவர் உயரமாகவோ குட்டையாகவோ இருப்பதில் மரபணுவுக்கு உள்ள பங்கோடு இதை ஒப்பிடலாம். இதற்கென ஒரே ஒரு மரபணு கிடையாது. 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏடிஎச்டி உள்ள 38,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, தொடர்புடைய 27 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. பல சிறிய விளைவுகள் சேர்ந்தே இந்த நிலை உருவாகிறது. வீட்டுச் சூழல் ஒரு பிள்ளையின் சிரமத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் செல்லம் கொடுத்து ஏடிஎச்டியை வரவழைக்க முடியாது. அடித்து விரட்டவும் முடியாது.

இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் அடங்கமாட்டார்கள் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். இனிப்பு சாப்பிட்டால் தங்கள் மகன் மாறிவிடுவான் என்று நம்பிய தாய்மார்களும் 5 முதல் 7 வயதுவரையிலான அவர்களுடைய 35 மகன்களும் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுத் தாய்மார்களிடம், "உங்கள் மகனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். உண்மையில் யாருக்கும் சர்க்கரை தரப்படவில்லை. எல்லாச் சிறுவர்களுக்கும் கிடைத்தது சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்புதான். ஆனாலும் சர்க்கரை கொடுத்ததாக நம்பிய தாய்மார்கள், தங்கள் மகன் அதிகத் துறுதுறுப்பாக இருந்ததாக மதிப்பிட்டார்கள். மகனை அதிகம் குறை கூறவும் செய்தார்கள்.

பிள்ளைகள் மாறவில்லை. பார்த்தவர்களின் எண்ணம் மாறியதால் அவர்கள் கண்டதும் மாறியது. ஒரு மாணவனைக் 'குழப்படிக்காரன்' என்று வகுப்பு முழுவதும் முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது யோசியுங்கள். மற்றவர் பேனாவைத் தட்டினால் யாரும் கவனிப்பதில்லை. அவன் தட்டினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சில ஆண்டுகளில் அவனே அந்தப் பெயரை நம்பத் தொடங்குகிறான். ஏடிஎச்டி தரும் சிரமத்தின்மேல் இன்னொரு சுமையாக இதுவும் ஏறிக்கொள்கிறது. தனக்கு உதவி தேவை என்று சொல்லவே வாய் வராமல் போகிறது.

அறிவியலும் பெயரைத் திருத்திக்கொண்டது

தவறான முத்திரை குத்தியதில் மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுக்குறை இல்லாமலேயே தங்களைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். கூர்ந்து கவனித்த மருத்துவர்தான். ஆனால் அவர் அந்த நிலைக்கு வைத்த பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை'.

பிறகு பெயர் பலமுறை மாறியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1968இல் மிகையான அசைவைக் குறிக்கும் பெயர் இருந்தது. 1980இல் கவனம் முதலிடத்துக்கு வந்தது. 1987இல் ஏடிஎச்டி என்ற இன்றைய பெயர் வந்தது. ஆதாரம் சேரச் சேர, ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு மறைந்து மூளை வளர்ச்சியைப் பற்றிய பேச்சு வந்தது. மருத்துவ நூல்களில் மாறிவிட்ட அந்தப் பேச்சு நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் முழுமையாக மாறவில்லை.

சன்னல் ஓரத்து மாணவி

ஏடிஎச்டி என்றதும் நாற்காலியில் உட்காராமல் ஓடும் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான். ஆனால் இதில் மூன்று வகை உண்டு. ஒன்றில் துறுதுறுப்பும் யோசிக்காமல் செயல்படுவதும் மேலோங்கி இருக்கும். இன்னொன்றில் கவனச் சிதறல் மேலோங்கி இருக்கும். மூன்றாவதில் இரண்டும் கலந்திருக்கும்.

சன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்து, கேள்வி கேட்டால் திடுக்கிட்டு விழிக்கும் மாணவி யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனாலேயே அவளை யாரும் கவனிப்பதுமில்லை. பிள்ளைப் பருவத்தில் ஏடிஎச்டி உள்ளவர்களாகக் கண்டறியப்படும் பையன்களின் எண்ணிக்கை பெண்பிள்ளைகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பெரியவர்களிடையே இந்த இடைவெளி குறைகிறது. பல பெண்களுக்கு வேலைக்குச் சென்ற பிறகோ தாயான பிறகோதான் தங்களுக்கு இருந்தது என்னவென்று தெரியவருகிறது. அதுவரை 'கனவுலகில் இருப்பவள்', 'பொறுப்பில்லாதவள்' என்ற பேச்சுகளைச் சுமந்திருப்பார்கள்.

எனக்கும் இருக்குமோ?

இதைப் படிக்கும்போதே சிலருக்கு இந்தச் சந்தேகம் எழுந்திருக்கும். அவசரப்பட வேண்டாம். 2022இல் கனடா ஆய்வாளர்கள், ஏடிஎச்டி பற்றி டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 காணொளிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 52 தவறான எண்ணத்தைத் தருபவை என்று கண்டார்கள்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் கடுமையானது. கவனச் சிதறலுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரச் செயலுக்கும் 9 அறிகுறிகள் உள்ளன. இவற்றில் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 17 வயதானவர்களுக்கு 5 போதும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் அவை காணப்பட்டு, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். தூக்கக் குறைவு, மனக்கவலை போன்ற வேறு காரணம் இல்லை என்பதையும் உறுதி செய்வார்கள். இரவு 2 மணிவரை கைப்பேசி பார்த்தால் மறுநாள் யாருக்கும் கவனம் சிதறும்!

மதிப்பீட்டில் தவறும் நேரலாம். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, செப்டம்பர் 1ஆம் தேதியை வைத்துப் பள்ளிச் சேர்க்கை வயதைக் கணக்கிடும் மாநிலங்களை ஆராய்ந்தது. அங்கே வகுப்பிலேயே ஆக இளையவர்களான ஆகஸ்ட் மாதத்தில் பிறந்த பிள்ளைகள், ஆக மூத்தவர்களான செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 விழுக்காடு அதிகமாக ஏடிஎச்டி உள்ளவர்களாகக் கண்டறியப்பட்டிருந்தார்கள். வயதில் இளையவரின் இயல்பான விளையாட்டுத்தனம் சில வேளைகளில் குறைபாடாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. எனவேதான் இந்த முடிவைத் தேர்ந்த மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ விட வேண்டும்.

சந்தேகம் நியாயமானது என்று தோன்றினால் முதலில் பெற்றோரிடமோ வகுப்பாசிரியரிடமோ பேசுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆலோசகர்களும் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அதிகாரிகளும் இருக்கிறார்கள். மனநலக் கழகத்தில் பள்ளி வயதினருக்கென்றே தனி மருந்தகம் உண்டு. தேவை உறுதியானால் தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். மலேசியாவில் படிப்பவர்கள் பள்ளியின் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரிடமோ அரசாங்கச் சுகாதார மருந்தகத்திலோ தொடங்கலாம்.

மூக்குக் கண்ணாடியும் மாத்திரையும்

சிங்கப்பூரில் மூக்குக் கண்ணாடி அணிந்த மாணவர் இல்லாத வகுப்பு ஏது? கிட்டப்பார்வை உள்ள நண்பரிடம், "மனம் வைத்தால் வெண்பலகை தெரியும்" என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடி அணிவதை யாரும் மறைப்பதும் இல்லை. ஏடிஎச்டிக்கான மருந்தை உட்கொள்பவர்களோ பெரும்பாலும் அதை மறைக்கவே விரும்புகிறார்கள்.

2016 செப்டம்பரில் ஊடுருவிகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தகவல்தளத்துக்குள் புகுந்து, விளையாட்டாளர்களின் மருத்துவக் குறிப்புகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்க உடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ். ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயது 19. அவர் ஏடிஎச்டி மருந்து எடுத்துக்கொள்வதை உலகமே அறிந்துவிட்டது. முறையான அனுமதியோடுதான் எடுத்திருந்தார். அவர் ஒளியவில்லை. தமக்கு ஏடிஎச்டி உண்டு என்றும் சிறுவயது முதலே மருந்து எடுப்பதாகவும் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் வெளிப்படையாக எழுதினார்.

இந்த மருந்துகளில் பரவலாகப் பயன்படுவது மெத்தில்ஃபெனிடேட். மூளையில் டோப்பமின் சற்று அதிக நேரம் செயல்பட அது உதவுகிறது. உடலில் இருக்கும்வரைதான் அதன் வேலை. குறைபாட்டை அது குணப்படுத்துவதில்லை. பசி குறைவது, தூக்கம் கெடுவது போன்ற பக்கவிளைவுகளும் சிலருக்கு வரும். அதனால் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதும் இல்லை. தேர்வுக்காக இதை நண்பரிடம் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தானது, சட்டத்துக்கும் புறம்பானது.

பைல்ஸின் கதையைக் கேட்டுவிட்டு, ஏடிஎச்டி ஒரு 'சிறப்புச் சக்தி' என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். மனிதர்களின் மூளைகள் பல விதமானவை, அதில் ஒன்றை மட்டும் சரியானது என்று கொள்ளத் தேவையில்லை என்பதைக் குறிக்க 1990களின் பிற்பகுதியில் 'நரம்பியல் பன்முகத்தன்மை' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சிரமமே இல்லை என்று அது சொல்லவில்லை. சிரமம் உள்ளவருக்கும் மதிப்பும் இடமும் உண்டு என்கிறது. பதக்கம் வென்றால்தான் மதிப்பேன் என்பதும் ஒரு வகைக் களங்கமே.

நாளை காலை என்ன செய்யலாம்?

உங்களுக்கு ஏடிஎச்டி இருந்தால், நினைவை மட்டும் நம்பாமல் வேலையை மூளைக்கு வெளியே எடுத்து வையுங்கள். செய்ய வேண்டியதைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டலாம். பெரிய வேலையை '15 நிமிடத்தில் மூன்று கணக்கு' என்று சிறிதாக நறுக்கி, மணிகாட்டியை ஓடவிடலாம். நண்பரோடு நூலகத்தில் அருகருகே உட்கார்ந்து படித்தால் பலருக்குத் தொடங்குவது எளிதாகிறது. நல்ல தூக்கமும் உடற்பயிற்சியும் உதவும்.

உங்கள் நண்பருக்கு இருந்தால், அவர் உங்களிடம் மட்டும் சொன்னதை வகுப்புக்கே சொல்லாதீர்கள். ஒரு பொருளைத் தொலைத்ததும் "எனக்கும் ஏடிஎச்டி வந்துடுச்சு" என்று சிரிப்பதை விடுங்கள். குழு வேலையில் அவரை ஒதுக்காமல், தெளிவான, சிறிய பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள்.

இன்று இரவு 11.30க்கு அந்தக் கணிதப் பயிற்சித்தாள் மறுபடியும் மேசைமீது கிடக்கலாம். "மனம் வைத்தால் முடியும்" என்ற அறிவுரையால் அது பைக்குள் போய்விடாது. கைப்பேசியில் நீங்கள் அனுப்பும் ஒரு வரி அதைப் பைக்குள் சேர்க்கக்கூடும்: "கணக்குத் தாளைப் பையில வச்சிட்டியா?"